அரை மூச்சுக் கண்டக்டர்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, "ஓ.டி., செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், முட்லூர், செதம்பரம் செதம்பரம் செதம்பரேய்ய்" என்று ஒரே மூச்சில் கத்தி முடித்து, அந்த மூச்சின் மிச்சத்திலேயே இரண்டு விசிலும் கொடுத்து வண்டியை எடுக்க வைக்கிற கண்டக்டர் அந்தக் காலத்தில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அது நான்தான். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் தனியார் பஸ்ஸின் பின்படியில் தொங்கியவனுக்குப் பீற்றிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

வண்டியின் டிரைவர் என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். எனக்கு மச்சான். கண்ணாடியில் பின்னால் பார்த்து வண்டி எடுக்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. வாய் நிறைய வெற்றிலையோடு பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் விசில் ஒன்று என்றால் நிறுத்துவார், இரண்டு என்றால் எடுப்பார். பதினைந்து வருடத்தில் எங்கள் வண்டியிலிருந்து ஒருத்தர்கூடக் கீழே விழுந்ததில்லை.

2007 ஐப்பசியில் ஆலப்பாக்கம் தாண்டும்போது நெஞ்சை அடைத்தது. வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு, சிதம்பரம் வரை டிக்கெட் கிழித்துக்கொண்டேதான் போனேன். இரண்டு வாரத்தில் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் என் நெஞ்செலும்பைப் பிளந்து பைபாஸ் செய்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. தொண்டைக்குள் விட்டிருந்த செயற்கை மூச்சுக் குழாயை எடுத்த பிறகுதான் வினையே. எடுத்தார்கள், திணறினேன், மறுபடி வைத்தார்கள். மூன்றாவது தடவை எடுத்தபோது ஏதோ சமாளித்துவிட்டேன். ஆனால் கட்டிலில் மல்லாந்து படுத்தால் போதும், நெஞ்சின் மேல் யாரோ மூட்டையைத் தூக்கி வைத்தது போலிருக்கும். எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினார்.

"ஆபரேஷன் பண்றப்ப இதயத்த நிறுத்தி, சுத்தி ஐஸ் போட்டு வெப்போம். பக்கத்துலயே ஒரு நரம்பு போவுது. மூச்சு இழுக்குற தசைய ஆட்டுறது அந்த நரம்புதான். ரொம்ப ஜாக்கிரதையா இருந்தாலும் சில பேருக்கு அது குளிர்ல மரத்துப்போயிடும். உங்களுக்கு எடது பக்கம் மரத்துப்போயிருக்கு. இப்ப நீங்க ஒரு பக்கத் தசையிலதான் மூச்சு வுடுறீங்க."

"ஐசா? எங்கூரு ஹார்பர்ல வஞ்சிரத்ததான் டாக்டர் ஐசுல வெப்பாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்ததும் தையல் போட்ட நெஞ்சு விண்ணென்று தெறித்தது. அந்த வலியில் "ஐயோ அம்மா" என்று கத்த, கத்துவதற்கு மூச்சுப் பத்தாமல் "ஐ" என்பதோடு நின்றுபோனது. அதைப் பார்த்து என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டின புருஷன் சாகப் பார்த்துப் பிழைத்துக் கிடக்கிறான், இவளுக்குச் சிரிப்பு. ஆனால் அந்தச் சமயம் எங்கள் இரண்டு பேருக்குமே அப்படித்தான் இருந்தது. செத்துப் பிழைத்த சந்தோஷம் கள் குடித்த போதை போல ஏறிக் கிடந்தது. இட்லி வந்தால் சிரிப்பு, ஊசி வந்தால் சிரிப்பு.

"இந்த நரம்பு திரும்ப வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வரும். ஆனா நரம்பு அவசரப்படாது. ஆறு மாசமும் ஆவலாம், ஒன்றரை வருஷமும் ஆவலாம். சில பேருக்கு வராமலும் போவலாம்."

நரம்பாம், அவசரப்படாதாம். ஸ்டாண்டை விட்டு எடுக்க இரண்டு நிமிடம் பிந்தினால் பின்வண்டிக்காரன் வந்து சட்டையைப் பிடிக்கிற தொழிலில் இருக்கிறவனிடம் வந்து ஒன்றரை வருஷம் என்கிறார் மனிதர். கோபம் மண்டைக்கு ஏறியது. அப்போதுதான் சட்டென்று உறைத்தது. மூச்சு இல்லையென்றால் விசில் இல்லை. விசில் இல்லாத கண்டக்டரை எந்த வண்டியில் ஏற்றுவார்கள்?

வார்டை விட்டு அனுப்பும்போது ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையில் திணித்தாள். உள்ளே மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து, பக்கத்தில் வாயில் வைக்கக் குழாய். "டெய்லி எக்சர்சைஸ் பண்ணுங்க. பந்து மேல போவணும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? பதினைந்து வருட சர்வீஸ். குழாயை வாயில் வைத்தேன், விசில் ஊதுகிற வாட்டத்தில் பலம் கொண்ட மட்டும் ஊதினேன். ஒரு பந்துகூட அசையவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருத்தர், அவருக்கும் பைபாஸ்தான், "இத எப்படிங்க பண்றது?" என்று என்னைக் கேட்டார். கன்னத்தை எப்படி உப்ப வேண்டும், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

கடலூருக்கு வந்தும் படுக்க முடியவில்லை. தலையணை நான்கு அடுக்கினாலும் இரண்டு சரிந்து விழுந்துவிடும். இதைப் பார்த்த மச்சான் ஒருநாள் ஷெட்டில் கழற்றிப் போட்டிருந்த பழைய பஸ் சீட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் ஜன்னல் ஓரமாகக் கட்டையில் முடுக்கி வைத்துவிட்டார். மூன்று பேர் உட்காருகிற சீட். "மகளிர் மட்டும்" என்று அதில் எழுதியிருந்தது. அதில் உட்கார்ந்ததும் எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வைத்துவிட்டு, உட்கார வேறு இடமில்லாமல் அந்த சீட்டிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து, இதே ஆபரேஷன் செய்துகொண்டு செத்துப்போனவர்கள் பட்டியலைச் சொல்லிவிட்டுப் போவார்கள். "எறங்குறவங்க எறங்கலாம்" என்று ஒருத்தரிடம் சொல்லியேவிட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலாளியும் வந்து பார்த்தார். "ஷெட்டுல உக்காந்து வண்டி நேரம் குறிக்கிற வேல தரேன், வரியா?" என்று நல்ல மனசோடுதான் கேட்டார். மாட்டேன் என்றுவிட்டேன். ஓடுகிற வண்டியில் நின்றே பழகியவனை ஓடாத நாற்காலியில் உட்கார வைத்தால் அதற்குப் பேர் பிழைப்பா? "அப்ப எடத்த வெச்சிருக்கேன். ஆனா விசில் ஊதாம பின்படியில ஏத்த மாட்டேன். அத மனசுல வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூச்சுப் பயிற்சிக்கு சிதம்பரத்தில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் வாரம் இரண்டு தடவை போனேன். பரங்கிப்பேட்டைப் பெண், முக்காட்டுக்குள்ளிருந்து வாய் ஓயாமல் பேசும். "மாமா" என்றுதான் கூப்பிடும். முதல் நாள் என் டப்பாவை எடுத்து ஊதிக் காட்டினேன். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பந்துகள் மூன்றும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தன.

"மாமா, என்னா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? ஊதுறேன்."

"யாரு ஊத சொன்னா? உறிஞ்சணும் மாமா! எளநி குடிக்கிறப்ப உறிஞ்சுவோம்ல, அப்படி!"

ஒன்றரை மாதம்! ஒன்றரை மாதமாக அதை ஊதிவிட்டு, பந்து ஏறவில்லை, நுரையீரல் போச்சு, நான் தொலைந்தேன் என்று ரகசியமாக அழுதிருக்கிறேன். உறிஞ்சினேன். முதல் பந்து குதித்துக்கொண்டு பாதி உயரம் ஏறியது. அந்தப் பெண் கைதட்டியது. நான் அந்த இடத்திலேயே ஸ்ரீமுஷ்ணத்துக்காரருக்குப் போன் போட்டேன். "யோவ், ஊதாதய்யா, உறிஞ்சு!"

"நான் நல்லாத்தாங்க ஊதுறேன். எனக்கு மூணு பந்தும் டாப்புக்குப் போயிடுச்சே" என்றார் அவர்.

"அது எப்படிய்யா போவும்?"

"டப்பாவ தலைகீழா வெச்சு ஊதுனேன்."

பிசியோதெரபி பெண் மேஜையில் கவிழ்ந்து சிரித்தது. நான் நெஞ்சைத் துண்டால் இறுக்கிக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் தவித்தேன். தையல் பிரிந்து செத்திருந்தால் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் மேல் கொலைக் கேஸ்தான்.

சிதம்பரத்துக்குப் போக வர எங்கள் வண்டிதான். என் இடத்தில் தற்காலிகமாக ஒரு பெரியவரைப் போட்டிருந்தார்கள். நல்ல மனிதர், என்னிடம் டிக்கெட்டும் கேட்கமாட்டார். ஆனால் விசில் கொடுத்தால் குக்கரில் பருப்பு வெந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். "இது விசிலா, இது விசிலா" என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் புழுங்குவேன். மச்சான் இப்போது கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

ஏழு மாதம் ஆயிற்று. இரண்டு பந்து வரை ஏறியது. விசிலில் மட்டும் வெறும் காற்றுதான் வந்தது. விசில் கேட்க வேண்டுமென்றால் மூச்சு வயிற்றிலிருந்து ஒரே உதையில் வெளியே வரவேண்டும். உதைக்கிற அளவுக்கு உள்ளே இழுக்க எனக்கு ஒரு பக்கம்தானே இருந்தது. இதற்கு நடுவில் முதலாளி, "வர்ற திங்கக்கெழம நானே வண்டியில வரேன், நீ ஊது பாப்போம். இல்லன்னா நான் வேற ஆளு பாக்கணும்பா" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

யோசனை சொன்னது மச்சான். அன்று ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அந்த பஸ் சீட்டில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

"மாப்ள, நீ விசில சும்மா வாயில வெச்சிக்க. தங்கச்சி ஊதட்டும்."

"இன்னாது?"

"பின்படி பக்கத்து சீட்டுல அவ உக்காரட்டும். முந்தானையில வாய மூடிக்கட்டும். நீ காத சொறிஞ்சா ரெண்டு, காலர தொட்டா ஒண்ணு. மொதலாளி முன்னால என் பக்கத்துல தான உக்காருவாரு? அவருக்கு எங்க தெரியப்போவுது!"

நான் திட்டுவதற்குள் என் மனைவி ஆணியில் மாட்டியிருந்த விசிலை எடுத்து ஊதிப் பார்த்தாள். அடேயப்பா! அப்படி ஒரு விசிலை நான் என் வாழ்நாளில் ஊதியதில்லை. எதிர்வீட்டுப் பெண் சாமான் விளக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து எட்டிப்பார்த்தாள். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவே அரைமணி நேரம் ஆனது. பதினைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இவளுக்குள் ஒரு கண்டக்டர் இருப்பது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வண்டி ஏறினோம். முதலாளி இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் காக்கிச் சட்டையோடு பின்படியில் நின்றேன். காதைச் சொறிந்தேன், கன்னத்தை உப்பினேன், வண்டி கிளம்பியது. செம்மங்குப்பத்தில் காலரைத் தொட்டேன், நின்றது. ஆலப்பாக்கத்தில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "ஏம்மா, நீயா ஊதுற?" என்று கேட்க, இவள் "சளிங்க" என்றாள். எனக்குப் படியிலிருந்து விழாத குறை. புதுச்சத்திரம் வரை நாடகம் பிரமாதமாகப் போனது. ஏழு மாதம் கழித்துப் பின்படிக் காற்று முகத்தில் அடித்தது. உலகத்தில் என்னை விடச் சந்தோஷமான திருடன் அன்றைக்கு எவனும் இல்லை.

முட்லூரில் நிறுத்தினோம். கருவாட்டுக் கூடையோடு ஒரு கிழவி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். நல்ல வெயில். வேர்வை வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் காதைச் சொறிந்துவிட்டேன்.

இரண்டு விசில் பாய்ந்தது. மச்சான் எடுத்துவிட்டார். கிழவி படியின் கம்பியைப் பிடித்தபடியே இழுபட்டாள். என் மனைவிக்கு அது தெரியாது, அவள் என் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் விசில் இருந்தது. ஒன்று, ஒரே ஒன்று. காலரைத் தொடும் ஞாபகமே வரவில்லை, உயிரைக் கொடுத்து ஊதினேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. கிழவியின் கையைப் பிடித்துத் தூக்கி என் மேல் சாய்த்துக்கொண்டு, மறு கையால் வண்டியின் தகரத்தைப் படபடவென்று அடித்தேன். வண்டி நின்றது. கூடை மட்டும் ரோட்டில் உருண்டது.

"நாசமா போறவனே, கண்ணு பொடனியிலயா கெடக்குது!" என்று ஆரம்பித்தாள் கிழவி. அவள் வாயிலிருந்து அதற்குப் பிறகு வந்ததை அச்சில் ஏற்ற முடியாது. அத்தனையும் எனக்கு வேண்டியதுதான். கீழே இறங்கிக் கருவாடு பொறுக்கிக் கொடுத்தேன்.  நெஞ்செலும்பு கழன்றதைப் போல வலித்தது. அந்த வலி எனக்குப் பெரிதாகவே படவில்லை.

சிதம்பரம் ஸ்டாண்டில் முதலாளி இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். "என்னாய்யா, முன்ன விட நல்லா ஊதுற! முட்லூர்ல கொஞ்சம் அவசரப்பட்டுட்ட, பரவால்ல, பழகிடும். நாளைலேர்ந்து வந்துடு."

அவர் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. வேலை என் கைக்கு வந்துவிட்டது. பின்னால் மனைவி வேண்டாம், சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். மச்சான் டயரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். எனக்குக் கிழவியின் தரையில் இருந்த கால்தான் கண்ணில் நின்றது. 

"ஊதுனது நான் இல்லீங்க. எனக்கு இன்னும் மூச்சு வரல."

"பின்ன யாரு ஊதுனது?"

"என் சம்சாரம்."

ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். மச்சானை, என்னை, எங்கள் வம்சத்தை, ஒன்றையும் விடவில்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன். பிறகு திடீரென்று நிறுத்தி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவியைப் பார்த்தார். "நீயாம்மா?" என்றார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். மனிதருக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மூச்சு வர்ற வரைக்கும் ஷெட்டு பக்கம் தலகாட்டாத. வந்தா வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இடம் இருக்கிறதா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் டப்பாவைத் தொடவே இல்லை. நான்காம் நாள் மனைவியே டப்பாவைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "மூஞ்ச தூக்கி வெச்சது போதும். உறிஞ்சு" என்றாள். உறிஞ்சினேன். பரங்கிப்பேட்டைப் பெண் என் வயிற்றின் மேல் உப்புப் பாக்கெட்டை வைத்து, மூச்சு இழுத்து அதைத் தூக்கச் சொல்லும். முதலில் ஒரு பாக்கெட், பிறகு இரண்டு. "மாமா, வயித்துல மளிகக்கடையே வெச்சிடலாம் போலருக்கு" என்று கிண்டல் வேறு. மனைவி திருவந்திபுரம் பெருமாளுக்கு எனக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். மூச்சு வாங்குகிறவன் நான், முடியைக் கொடுக்கிறவனும் நானா, வேண்டிக்கொண்டவளுக்கு ஒரு சேதாரமும் இல்லையா என்று சண்டை போட்டேன். போய் மொட்டை போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

2009 மாசியில் டாக்டர் என்னை எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் நிறுத்தி மூக்கை உறிஞ்சச் சொன்னார். நெஞ்சுக்குள் நடப்பது டிவியில் தெரியும். முன்பு ஒரு தடவை பார்த்தபோது மூச்சு இழுக்கிற தசையின் வலது பக்கம் கீழே இறங்க, இடது பக்கம் எதிர்க்கட்சி மாதிரி மேலே ஏறியது. இந்தத் தடவை உறிஞ்சினேன். வலது இறங்கியது. இடதும், சோம்பேறித்தனமாக, கொஞ்சம் பிந்தி, இறங்கியது.

"இன்னொரு வாட்டி" என்றார் டாக்டர். இறங்கியது. நான் சளி பிடித்தவனைப் போல நிறுத்தாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தேன். "போதும், மயக்கம் வந்துடப்போவுது" என்று அவர் என்னைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியிருந்தது.

பங்குனியில் ஒருநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் காக்கியைப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். என் இடத்தில் இன்னும் அந்தத் தற்காலிகப் பெரியவர்தான் இருந்தார், பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முதலாளி என்னைப் பார்த்தும் கிட்டே வரவில்லை, ஊது பார்ப்போம் என்பது போலத் தள்ளி டீக்கடையிலேயே நின்றார். மச்சான் தன் இடத்தில் இருந்தார். ஸ்டாப்புகளை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, புதுச்சத்திரத்தில் அறுந்துவிட்டது, மறு மூச்சு எடுத்துத்தான் சிதம்பரத்தைப் பிடித்தேன். ஆட்கள் ஏறினார்கள். எல்லார் காலும் படிக்கு மேலே வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். வயிற்றிலிருந்து இழுத்து, விசிலை வாயில் வைத்து, இரண்டு கொடுத்தேன். பழைய விசில் இல்லைதான். ஆனால் விசில்.

வண்டி நகரவில்லை.

மறுபடி இரண்டு கொடுத்தேன். அசையவில்லை. பின்வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். "யோவ் மச்சான், டைமு போவுதுய்யா!" என்று கத்திக்கொண்டே சீட்டுகளுக்கு நடுவில் முன்னால் ஓடினேன். மச்சான் ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தார். தோள் இரண்டும் குலுங்கின. வெற்றிலைச் சாறு வேட்டியில் ஒழுகியிருந்தது. சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"என்னா மச்சான், சின்னப்புள்ளயாட்டம்? வண்டிய எடு."

முகத்தைத் தூக்காமலே கையை மட்டும் பின்படி பக்கம் நீட்டினார்.

"போயி இன்னொரு வாட்டி ஊது மாப்ள" என்றார்.